திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்: சென்னையில் நண்பர்களோடு புத்தாண்டு இரவு

வாசகர் கேள்வி – பதில்

டிசம்பர் 31 இரவைச் சென்னையில் நண்பர்களோடு கழிக்கத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

நாங்கள் 12 பேர். கடற்கரையா, ஹோட்டலா, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியா என்று வாட்ஸ்அப் குழுவில் 3 வாரமாக வாக்குவாதம். எப்படி முடிவு செய்வது?
– வாசகர், பெரம்பூர்

"எங்கே போவது" என்று ஆரம்பித்தால் வாக்குவாதம் முடியாது. இரவு 1 மணிக்கு 12 பேரும் எப்படி வீடு போய்ச் சேர்வார்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலான இடங்கள் தானாகவே கழிந்துவிடும்.

அந்த இரவில் சென்னைச் சாலைகள் வழக்கம்போல இருக்காது. பைக் பந்தயத்தைத் தடுக்கப் பெரும்பாலான மேம்பாலங்களைக் காவல் துறை மூடிவிடும். மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையிலும் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலும் வாகனம் போகாது. மெட்ரோ வழக்கமாக இரவு 11 மணியோடு முடியும். புத்தாண்டுக்காக நேரத்தை நீட்டித்த ஆண்டுகளும் உண்டு, ஆனால் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்காமல் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. செயலியில் பதிவு செய்யும் கார், ஆட்டோ கட்டணம் 12 மணியிலிருந்து எகிறும். பணம் தரத் தயாராக இருந்தாலும் ஓட்டுநர் கிடைப்பது தனிப் பாடு. பாலங்கள் மூடியிருப்பதால் வழியும் சுற்றுவழி.

ஆகவே ஒரு தாளில் 12 பேரின் பகுதிகளையும் எழுதுங்கள். பெரம்பூர், கொளத்தூர், வில்லிவாக்கம் என்று வடக்கே 8 பேர் இருந்தால் மெரினாவுக்கோ கிழக்குக் கடற்கரைச் சாலைக்கோ (ஈ.சி.ஆர்.) போவது வீண் அலைச்சல். அந்தப் பக்கத்திலேயே ஒரு வீட்டைப் பிடியுங்கள். ஆளுக்கொரு திசை என்றால் இரண்டே வழிதான். ஒன்று, எல்லாரும் ஒரே வீட்டில் படுத்துவிட்டுக் காலை 5 மணிக்கு மெட்ரோ தொடங்கியதும் கிளம்புவது. இன்னொன்று, 12 பேர் அமரும் வேன் ஒன்றை ஓட்டுநரோடு இரவு 12.30 முதல் 3.30 வரை பேசி வைப்பது. வேனை டிசம்பர் 20-க்குள் பேசிவிட வேண்டும். கடைசி வாரத்தில் சபரிமலை, வேளாங்கண்ணி, திருப்பதிப் பயணங்களுக்கு வண்டிகள் போய்விடும்.

இருவர் பைக்கில் வந்து மற்றவர்களை "டிராப்" செய்வது என்ற திட்டத்தை மட்டும் இப்போதே அடித்துவிடுங்கள். காரணம் பின்னால் ஒரு பதிலில், கணக்கோடு இருக்கிறது.

முதன்முறையாக மெரினாவுக்குப் போகிறோம். எப்போது போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும்?
– கல்லூரி மாணவர்கள், காஞ்சிபுரம்

காமராஜர் சாலையை எத்தனை மணிக்கு மூடுவார்கள், எங்கே வண்டி நிறுத்தலாம் என்பதைக் காவல் துறை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசி வாரத்தில் அறிவிக்கும். இரவு 8 மணியையொட்டி என்று மனத்தில் வைத்துக்கொண்டு, வண்டியே இல்லாமல் போவது நல்லது.

பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று நிலையங்களில் இறங்கி நடக்கலாம். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையம். அங்கிருந்து வாலாஜா சாலை வழியே கிழக்கே 20 நிமிட நடை. இந்த வாலாஜா சாலை நடை திரும்பும்போதும் கைகொடுக்கும். எல்லாரும் ரயில் நிலையத்துக்கு முண்டியடிக்கும்போது நீங்கள் அண்ணா சாலைப் பக்கம் போய்விட்டால் ஆட்டோ கிடைக்க வாய்ப்பு அதிகம். 2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் நடந்த விமான சாகசக் காட்சி முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பியதால் பறக்கும் ரயில் நிலையங்கள் திணறிப்போனது நினைவிருக்கும். 12.10-க்குள் கிளம்பிவிடுவது ஒரு வழி. இல்லையென்றால் கூட்டம் கலையும்வரை சாலையின் மேற்குப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். 1 மணியையொட்டி மணலிலிருந்து எல்லாரையும் வெளியேற்றத் தொடங்குவார்கள்.

கூட்டம் மிக நெருக்கமாக இருப்பது காந்தி சிலையைச் சுற்றித்தான். காவல் துறை உயர் அதிகாரிகள் பொதுமக்களோடு கேக் வெட்டும் வழக்கமும் அந்தப் பக்கம் உண்டு. முதன்முறை என்றால் உழைப்பாளர் சிலைக்கும் விவேகானந்தர் இல்லத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் நில்லுங்கள். மூச்சுவிட இடம் இருக்கும், சாலைக்கு வெளியேறும் வழிகளும் அதிகம்.

12 மணியை ஒட்டிய அரை மணி நேரம் கைப்பேசி இணைப்பு கிடைப்பது சிரமம். ஒரே கோபுரத்தின் மேல் பல்லாயிரம் பேரின் அழைப்பு விழுகிறது. அதனால் "தொலைந்தால் போன் பண்ணு" என்பது அங்கே பயன்படாது. "பிரிந்துபோனால் விவேகானந்தர் இல்லத்து வாசல், 12.30" என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். சாலைக்கு மேற்கே, கூட்டத்துக்கு வெளியே, யாரைக் கேட்டாலும் காட்டக்கூடிய கட்டடம் அது. பழைய ஆட்கள் ஐஸ் ஹவுஸ் என்பார்கள். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இரண்டு நண்பர்களின் எண்களை எழுதிய சீட்டு இருக்கட்டும். கைப்பேசி அணைந்துவிட்டால் அந்தச் சீட்டுதான் துணை.

12 மணிக்குக் கடலில் காலாவது நனைக்கலாமா?
– அதே மாணவர்கள்

வேண்டாம். அந்த இரவில் கடலில் இறங்கக் காவல் துறை தடை விதிக்கிறது. தடுப்புக் கட்டி, குதிரைப்படையையும் நிறுத்துகிறது. மெரினாவின் கரை பார்வைக்குத்தான் பரந்த மணல். சென்னைத் துறைமுகம் கட்டியபின் அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இந்தக் கரை அகன்றது. தண்ணீர் தொடும் இடத்தில் சட்டென்று சரிகிறது. கணுக்கால் நனையும் இடத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் இடுப்பளவு. திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டே போவதால் நிற்பவர் தடுமாறுவார். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலையின் வேகமும் அதிகம். இருட்டில், கூச்சலில், ஒருவர் விழுந்தால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது.

பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாய் நிற்கும் ஷ்மிட் நினைவகத்தைப் பலர் படம் எடுத்துக்கொள்கிறார்கள், கல்வெட்டைப் படிப்பவர் குறைவு. கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் 1930 டிசம்பர் 30-ஆம் தேதி மூழ்கி இறந்த டென்மார்க்குக்காரரின் நினைவாகக் கட்டியது அது. இதே வாரம், இதே கடல்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் 15 பேர் கூடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, மடிப்பாக்கம்

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைப்பதை ஒலி மாசு விதிகள், 2000 தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவுக்கு 45 டெசிபெல்தான் வரம்பு. நாலு பேர் சத்தமாகச் சிரித்தாலே அதைத் தாண்டிவிடும். எனவே பாட்டையும் ஆட்டத்தையும் 7.30-லிருந்து 10-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். 10 மணிக்கு ஒலிபெருக்கியை வீட்டுக்குள் கொண்டுபோய் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மாடியில் பேச்சு, அந்தாக்ஷரி, விளையாட்டு போதும்.

சண்டைக்கு வருபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கமாட்டார். நேர் கீழே, கடைசி மாடியில் இருப்பவர்தான். உங்களுக்குப் பாட்டு கேட்கும், அவருக்கு அதன் "தும் தும்" மட்டும் கேட்கும். பேஸ் எனும் தாழ்ந்த சுருதி ஒலி கான்கிரீட் தளம் வழியே இறங்குவதுதான் காரணம். ஒலிபெருக்கியைத் தரையில் வைக்காமல் ஒரு மெத்தை மடிப்பின்மேல் வைத்து, பேஸைக் குறையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுக்கும் சத்தம் இன்னும் மோசம். நாற்காலியே வேண்டாம், ஜமக்காளம் விரித்துவிடுங்கள். சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதோடு, அந்தக் கடைசி மாடி வீட்டுக்கு இரண்டு நாள் முன்பே நேரில் போய்ச் சொல்லி, "12 மணிக்குக் கேக் வெட்ட நீங்களும் வாங்க" என்று அழையுங்கள். அழைக்கப்பட்டவர் புகார் செய்வது அபூர்வம்.

மின்சாரம்: வீட்டிலிருந்து மாடிக்கு இழுக்கும் சாதாரண 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டி தாங்கும் மொத்தச் சுமை ஏறத்தாழ 1,380 வாட். சீரியல் விளக்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்தால்கூட 200 வாட் தாண்டாது, பிரச்சினை இல்லை. அதே பெட்டியில் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைச் சொருகினால் ஒயர் சூடேறி உருகும். சுருட்டிய ஒயரை முழுவதும் விரித்துவிடுங்கள், சுருளுக்குள் சூடு தங்கும். 11 மணிக்குமேல் பனி இறங்கும். இணைப்புப் பெட்டியை ஒரு ஸ்டூல்மேல் வைத்து மேலே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து மூடுங்கள்.

கைப்பிடிச் சுவர்மேல் யாரும் உட்காரக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மழைக்கு மாற்று இடமும் யோசித்து வையுங்கள். டிசம்பர் இறுதியில் மழை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். 2021 டிசம்பர் 30 அன்று யாரும் எதிர்பாராமல் கொட்டித் தீர்த்த மழையில் சென்னையின் பல தெருக்கள் ஒரே மாலையில் மூழ்கின.

15 பேருக்கு வீட்டிலேயே சிக்கன் பிரியாணி செய்ய அளவு சொல்லுங்கள். போன ஆண்டு குழைந்துபோய், அடியும் பிடித்துவிட்டது.
– வாசகர், அம்பத்தூர்

1 கிலோ அரிசி 8 பேருக்கு. 15 பேருக்கு 2 கிலோ சீரகச் சம்பா, எலும்போடு இரண்டரை கிலோ கோழி. இதை ஒரே அண்டாவில் செய்ததுதான் போன ஆண்டின் தவறாக இருக்கும். வீட்டு அடுப்பின் பர்னர் 15 லிட்டர் பாத்திரத்தின் நடுவை மட்டும் சுடும். நடுவில் அடிப்பிடிக்கும், ஓரத்தில் வேகாது, வேகவில்லையே என்று கிளறுவோம், அரிசி உடைந்து குழையும். 7, 8 லிட்டர் கொள்ளும் அடிகனமான பாத்திரங்கள் இரண்டில் ஒவ்வொரு கிலோவாகச் செய்யுங்கள்.

ஒரு பாத்திரத்துக்கு, அதாவது 1 கிலோ அரிசிக்கு: கோழி ஒன்றேகால் கிலோ, வெங்காயம் 400 கிராம், தக்காளி 300 கிராம், இஞ்சி 60 கிராம், பூண்டு 90 கிராம், தயிர் 150 மில்லி, எண்ணெய் 150 மில்லி, நெய் 50 கிராம், மிளகாய்த்தூள் 20 கிராம், பச்சை மிளகாய் 6, இரண்டங்குலப் பட்டை 3, கிராம்பு 6, ஏலக்காய் 5, புதினா, கொத்தமல்லி ஒவ்வொரு கட்டு, எலுமிச்சை 1.

அரிசியை 20 நிமிடம் மட்டும் ஊறவையுங்கள். சீரகச் சம்பா சின்ன மணி. ஒரு மணி நேரம் ஊறினால் கையில் பட்டாலே ஒடியும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிச் சிவக்க விடுங்கள். இதற்கே 15 நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் பிரியாணிக்கு நிறமும் வராது, இனிப்பும் வராது. இஞ்சி பூண்டு விழுது, பச்சை வாசனை போனபின் புதினா, மல்லி, தக்காளி, மிளகாய், தயிர். எண்ணெய் பிரிந்ததும் கோழி. 10 நிமிடம் தண்ணீர் ஊற்றாமல் வதக்குங்கள்.

குழைவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர்க் கணக்கு. கோழியும் தக்காளியும் தயிரும் விடும் தண்ணீரை மறந்துவிட்டு, அரிசிக்கு இரு மடங்கு என்று ஊற்றுகிறோம். ஊறவைக்கும் முன் அரிசியை எந்த டம்ளரில் அளந்தீர்களோ, அதே டம்ளரில் ஒன்றுக்கு ஒன்றரை தண்ணீர் போதும். கொதித்ததும் உப்புப் பாருங்கள்: குடிக்கும் ரசத்தைவிட ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு அரிசியைப் போட்டு, பெரிய தீயில், தண்ணீரும் அரிசியும் சம மட்டத்துக்கு வரும்வரை இரண்டு முறை மட்டும் ஓரத்திலிருந்து புரட்டுங்கள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறும் நெய்யும் விட்டு, மூடி, மேலே கனம் வைத்து, அடியில் தோசைக்கல் போட்டுச் சின்னத் தீயில் 20 நிமிடம் தம். அடுப்பை அணைத்தபின் 15 நிமிடம் திறக்காதீர்கள். திறந்து ஆவியை விட்டால் மேல் அரிசி விறைத்துப்போகும்.

பச்சடிக்குத் தயிர் ஒன்றரை லிட்டர், வெங்காயம் அரை கிலோ. தயிர் பச்சடியை முன்கூட்டியே கலக்காதீர்கள். உப்புப் பட்டதும் வெங்காயம் நீர் விட்டுச் சளசளவென்று ஆகிவிடும்.

8.30-க்கு இறக்கி 9 மணிக்குப் பரிமாறுங்கள். 12 மணிக்குச் சாப்பிடலாம் என்று மூடி வைப்பது ஆபத்து. சோற்றில் இருக்கும் சிலவகைப் பாக்டீரியா வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மூன்று நாலு மணி நேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சு சேர்க்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஜனவரி 1 காலை வாந்திக்கு எல்லாரும் வேறு காரணம் சொல்வார்கள், பல நேரம் காரணம் இதுதான். மிச்சத்தைத் தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டிக்குள் வையுங்கள். 12 மணிக்கு 1 கிலோ கேக்கும் ஒரு பெரிய பாத்திரம் சுக்குமல்லிக் காபியும் 15 பேருக்குப் போதும். அந்தப் பனிக்குச் சுக்குமல்லிக் காபிபோல ஒன்று இல்லை.

குழுவில் இருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள். ஒருவர் புத்தாண்டு ஆராதனைக்குச் சர்ச்சுக்குப் போகிறவர். இவர்களை விட்டுவிட்டுக் கொண்டாட மனம் இல்லை.
– வாசகர், ராயபுரம்

மகரவிளக்கு ஜனவரி நடுவில் வருவதால் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வி வருகிறது. மாலை போட்டவர்களுக்கு அசைவம் சமைக்காத பாத்திரம், அசைவம் படாத கரண்டி வேண்டும். "சிக்கனை எடுத்துவிட்டுக் குஸ்காவைப் போடு" என்பது அவர்களைக் கேலி செய்வதற்குச் சமம். ஒரு வீட்டின் சமையலறையில் சாம்பார் சாதமும் சுண்டலும் தனியாகச் செய்து முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மெரினா பாணிச் சுண்டலுக்கு அரை கிலோ காய்ந்த பட்டாணியை 8 மணி நேரம் ஊறவைத்து இரண்டு விசில். தேங்காய்த் துருவல், மாங்காய் கிடைக்காவிட்டால் எலுமிச்சை. 15 பேருக்குக் கொறிக்க வரும், அசைவக்காரர்களும் அதைத்தான் முதலில் காலி செய்வார்கள். மது இருக்குமானால் அது வேறு அறையில், அவர்கள் கிளம்பியபின் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமிகள் விடியற்காலை குளித்துப் பூஜை செய்ய வேண்டியவர்கள். 9 மணிச் சாப்பாட்டோடு விடை கொடுங்கள்.

ஆராதனைக்குப் போகும் நண்பர் 12 மணிக்கு உங்களோடு இருக்கமாட்டார், அந்த நேரம்தான் ஆராதனையின் உச்சம். கேக்கை அவர் திரும்பியபின் வெட்டலாம். வாக்குத்தத்த வசனம் (புத்தாண்டுக்கென்று சர்ச்சில் தரும் பைபிள் வசனம்) எழுதிய அட்டையோடு அவர் வரும்வரை அரை மணி காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

செலவை எப்படிப் பிரிப்பது? ஒவ்வோர் ஆண்டும் இதில்தான் மனக்கசப்பு.
– வாசகி, தாம்பரம்

இரண்டு கணக்கு வையுங்கள்: பொதுக்கணக்கு ஒன்று, மதுவுக்குத் தனியாக ஒன்று. உதாரணமாக 12 பேர். சாப்பாடு, கேக், விளக்கு, வேன் சேர்த்து 10,800 ரூபாய் என்றால் ஆளுக்கு 900. குடிப்பவர் 5 பேர், மதுவுக்கு 4,500 என்றால் அவர்களுக்கு மட்டும் கூடுதலாக 900. மொத்தத்தையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் குடிக்காத 7 பேர் தலையிலும் 375 ரூபாய் ஏறும். அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள், அடுத்த ஆண்டு வரமாட்டார்கள். வீடு கொடுப்பவரிடம் பொதுப் பங்கு வாங்காதீர்கள். மறுநாள் கழுவித் துடைப்பது அவர்தான்.

எல்லாருடைய பணத்தையும் டிசம்பர் 27-க்குள் ஜிபேயில் ஒருவர் கணக்கில் சேர்த்துவிடுங்கள். 28-க்குப் பிறகு "வரவில்லை" என்பவருக்குச் சாப்பாட்டுப் பங்கு திரும்பாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அன்றிரவு ரசீதுகளைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது.

ஒரே ஒரு பீர் குடித்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து வண்டி ஓட்டினால் பிரச்சினை வருமா?
– வாசகர், போரூர்

வரும். கணக்கைப் பாருங்கள். சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி, எடையில் 41 கிராம் ஆல்கஹால். 65 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் இது ஏறத்தாழ 90 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றும். உடல் ஒரு மணி நேரத்தில் குறைப்பது சுமார் 15. மூன்று மணி நேரத்தில் 45 குறைந்து இன்னும் 45 மிச்சம். வரம்புக்குள் வர நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தி அல்லது ரம் என்றால் 60 கிராம் ஆல்கஹால். வரம்புக்குள் வரவே 7 மணி நேரம். 12 மணிக்குக் குடித்துவிட்டுக் காலை 6 மணிக்குப் பைக்கை எடுப்பவர் "தூங்கி எழுந்துவிட்டேனே" என்பார், காவலரின் மூச்சுச் சோதனைக் கருவி ஒப்புக்கொள்ளாது. எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அளவு இன்னும் ஏறும். இது தோராயக் கணக்குதான். "இவ்வளவு குடித்தால் ஓட்டலாம்" என்று தலைகீழாகப் பயன்படுத்தாதீர்கள்.

காபி, எலுமிச்சைச் சாறு, மோர், குளிர்ந்த நீரில் குளியல் எதுவும் இந்த 15-ஐ 16 ஆக்காது. முதல்முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய இழப்பு எது என்று ராயப்பேட்டை, ஸ்டான்லி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் அன்றிரவு பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும். வண்டிச் சாவியை வாசலிலேயே வாங்கி ஒரு டப்பாவில் போட்டு, குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். 21 வயது நிறையாதவருக்கு மது தருவது தமிழ்நாட்டில் சட்டப்படியே தவறு. கல்லூரி நண்பர்கள் இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

அளவுக்கு மீறிக் குடித்து விழுந்துவிட்டவரைத் தூங்கவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்றவர், சென்னை

தட்டி எழுப்பினால் கண் திறந்து பதில் சொல்கிறாரா என்று முதலில் பாருங்கள். சொன்னால், மல்லாத்திப் படுக்கவைக்காமல் ஒருக்களித்து, மேல் முழங்காலை மடக்கி முன்னே ஊன்றி, வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி படுக்கவையுங்கள். மல்லாந்து படுத்தவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். இந்த மரணங்களில் பல அப்படித்தான் நேர்கின்றன. ஒருவர் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். கடைசியாகக் குடித்தது ரத்தத்தில் ஏற நேரமாகும் என்பதால் படுத்தபிறகும் நிலைமை மோசமாகலாம்.

கிள்ளினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8-க்கும் கீழே போகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, உடல் சில்லிடுகிறது, வலிப்பு வருகிறது – இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. வீட்டில் தெரிந்துவிடுமே என்று தயங்காதீர்கள். வாயில் மோரோ உப்புத் தண்ணீரோ ஊற்றி வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது.

மகளிர் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் 6 பெண்கள் நாங்கள். இரவு 10 மணிக்கு வாசல் பூட்டிவிடுவார்கள். நாங்களும் கொண்டாட வேண்டும்.
– வாசகி, சோழிங்கநல்லூர்

நிச்சயமாக. விடுதிப் பொறுப்பாளரிடம் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்து, 1 மணிக்குத் திறக்கச் சம்மதம் வாங்கப் பாருங்கள். வாய்ச்சொல் அன்றிரவு காவலாளிக்குத் தெரியாது. கிடைக்கவில்லையென்றால் யாராவது ஒருவர் வீட்டில் 9 மணிக்குள் போய்ச் சேர்ந்து, காலை வரை தங்குவதுதான் நல்ல ஏற்பாடு.

வெளியே போய்த் திரும்புவதானால் 6 பேரும் ஒரே வண்டியில். இரண்டாகப் பிரிய நேர்ந்தால் மூன்று மூன்றாக. வெவ்வேறு இடங்களில் இறங்குவதானால் கடைசியாக இறங்குபவர் தனியாக இருக்கக் கூடாது. இருவராக இறங்குங்கள், ஒருவர் மற்றவர் தங்கும் இடத்திலேயே தங்கிவிடலாம். ஏறும் முன் எண் பலகையைச் செயலியோடு ஒப்பிட்டு, பயண இணைப்பைக் குழுவில் போடுங்கள். தமிழ்நாடு காவல் துறையின் "காவல் உதவி" செயலியை முன்னமே நிறுவி, பதிவையும் முடித்து வையுங்கள். கூட்டத்தில் நின்று பதிவு செய்ய முடியாது. 112 பொது அவசர எண், 181 பெண்கள் உதவி எண். இருக்கும் இடத்தை அங்கேயே நின்றுகொண்டு சமூக வலைத்தளத்தில் போடாமல், படங்களை மறுநாள் போடுங்கள்.

ஹோட்டல் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கலாமா? "அன்லிமிடெட்" என்று விளம்பரம் வருகிறதே.
– வாசகர், கீழ்க்கட்டளை

எதற்கு அன்லிமிடெட், எத்தனை மணி வரை என்று எழுத்தில் கேளுங்கள். உணவு 11 மணிக்கு மூடப்படுவதும், குறிப்பிட்ட சில பானங்கள் மட்டும் அதில் அடங்குவதும் வழக்கம். ஆண்கள் மட்டுமான குழுவை வாசலில் திருப்பி அனுப்பும் இடங்களும் உண்டு. அதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். 1 மணிக்கு நிகழ்ச்சியை முடிக்கவேண்டும், நீச்சல் குளத்தின்மேல் மேடை போடக் கூடாது என்று காவல் துறை நிபந்தனை விதிப்பது வழக்கம். குளத்தைத் திறந்து வைத்திருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஈ.சி.ஆர். ரிசார்ட் என்றால் அங்கேயே அறை எடுத்தால் மட்டும் போங்கள்.

பட்டாசு வெடிக்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

உச்ச நீதிமன்றம் 2018-இல் புத்தாண்டுக்குக் கொடுத்த நேரம் இரவு 11.55 முதல் 12.30 வரை. ஆனால் சென்னைக் காவல் துறை பொது இடங்களில் அனுமதி இல்லை என்றே ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறது. தெருநாய்களையும் கைக்குழந்தைகளையும் நினைத்து விட்டுவிடுங்கள்.

எங்கள் தெருவில் தோழிகள் சேர்ந்து 12 மணிக்குள் பெரிய வண்ணக் கோலம் போட ஆசை. எவ்வளவு பொடி, எவ்வளவு நேரம்?
– வாசகி, மேற்கு மாம்பலம்

மார்கழியும் புத்தாண்டும் சேரும் இந்த ஒரு இரவுக்கே உரிய அழகு இது. நாலு பேருக்கு ஏற்றது ஊடு புள்ளி (ஒரு வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி): நடு வரிசை 15-இல் ஆரம்பித்து, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்துவது. மொத்தம் 169 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி நாலு அங்குலம் விட்டால் நடு வரிசை 56 அங்குலம், அதாவது 4 அடி 8 அங்குலம். வெளியே வாழ்த்து எழுதவும் காவிக் கரை கட்டவும் சேர்த்து 7 அடிக்கு 7 அடி இடம் பிடியுங்கள்.

வெள்ளைக் கோலமாவு 1 கிலோ. வண்ணப்பொடி ஆறு நிறம், ஒவ்வொன்றும் 100 கிராம். வண்ணப்பொடியை அப்படியே தூவினால் விரலில் ஒட்டித் திட்டுத்திட்டாக விழும். ஒரு பங்கு வண்ணத்துக்கு இரண்டு பங்கு கோலமாவு அல்லது தூள் உப்பு கலந்து சலியுங்கள். உப்பு கலந்தது பளிச்சென்று இருக்கும், ஆனால் பனியில் கசியும். விடியும்வரை நிற்க வேண்டுமானால் கோலமாவுதான்.

9 மணிக்குப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, அரைமணி விட்டுத் தரை ஈரப்பதமாக மட்டும் இருக்கும்போது புள்ளி வையுங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் பொடி கரைந்து வரி தடிக்கும், முழுக்கக் காய்ந்தால் காற்றில் பறக்கும். புள்ளியை நடு வரிசையிலிருந்து இருபுறமும் ஒருவரே வைக்க வேண்டும். இரண்டு கை வைத்தால் இடைவெளி மாறி, கடைசியில் பூவிதழ் கோணும். வெள்ளை வரி முடிந்தபின் வண்ணத்தை உள்ளிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வாருங்கள். வெளியிலிருந்து ஆரம்பித்தவர் உள்ளே மாட்டிக்கொண்டு வரியை மிதிப்பார். எல்லா நிறமும் முடிந்ததும் வெள்ளை வரியை இன்னொரு முறை இழுத்தால் மங்கல் போய்விடும். நாலு பேருக்கு இரண்டு மணி நேரம். 11.30-க்கு முடித்து, இருபுறமும் செங்கல் வைத்து, அதன்மேல் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள், பைக்கில் வருபவர் கண்ணுக்குத் தெரியட்டும்.

எங்கள் மூவருக்கும் 31 இரவு கால் சென்டரில் வேலை. காலை 5 மணிக்குத்தான் விடுபடுவோம்.
– வாசகர், தரமணி

நீங்கள் காலையைக் கொண்டாடுங்கள். நகரம் அப்போது அமைதியாக இருக்கும். தரமணியிலிருந்து பெசன்ட் நகர் பக்கம். ஜனவரி 1 அன்று சென்னையில் சூரியன் உதிப்பது 6.30 வாக்கில், 6 மணிக்கு மணலில் உட்கார்ந்தால் வானம் வெளுப்பதிலிருந்து பார்க்கலாம். அது பார்த்தபின் மயிலாப்பூர். மார்கழி என்பதால் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் காலையில் பஜனைக் கோஷ்டி சுற்றி வரும், வாசல்களில் முந்தைய இரவின் கோலங்கள் கலையாமல் இருக்கும். வெண்பொங்கலும் வடையும் சாப்பிட்டு, 9 மணிக்குள் படுக்கைக்குப் போய்விடுங்கள். இரவு முழுக்க விழித்தவர்கள் வண்டி ஓட்டுவதும் ஆபத்து என்பதால், மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயிலில் தரமணிக்குத் திரும்புங்கள். திருமயிலை நிலையம் கோயிலிலிருந்து நடக்கும் தூரம்தான்.